பதினைந்து காயும் வீடு வந்த பிறகு

செங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாயத்தில் அவர் தெருவில் அவரை வெல்ல ஆள் இல்லையாம். ஆறு மாதமாகக் கைப்பேசியில் பேக்கேமன் ஆடுகிறார்; இருவர் இரண்டு பகடை உருட்டி, ஆளுக்குப் பதினைந்து காய்களை வீடு சேர்த்து வெளியே எடுக்கும் பலகை ஆட்டம் அது. பாதி ஆட்டம் வரை முன்னால் போகிறவர், காய்களைப் பலகையிலிருந்து வெளியே எடுக்கும் நேரத்தில் தோற்றுவிடுகிறார். சில ஆட்டங்களில் எதிராளியின் இரண்டு காய்கள் அவருடைய முதல் கட்டத்தில் உட்கார்ந்திருந்து கடைசியில் வெட்டிவிட்டனவாம். "கடைசி ஆட்டம் என்பது வெறும் பகடைதானா, அல்லது போன் பகடை ஏமாற்றுகிறதா?" என்பது கேள்வி.

உங்களை ஏமாற்றுவது போன் அல்ல, தாயம் என்றுதான் நினைக்கிறேன். தாயத்தில் ஒரு காய் பழமாக வேண்டுமென்றால் சரியான எண் விழ வேண்டும். மூன்று கட்டம் பாக்கி என்றால் மூன்றுதான். ஐந்து விழுந்தால் அந்தக் காய் நகராது. அதனால் தாயம் ஆடிப் பழகிய கை, காயை எப்போதும் வாசலுக்கு மிக அருகில் கொண்டுபோய் வைக்கப் பார்க்கும். ஒவ்வொரு காயையும் தனித்தனியாகப் பழமேற்றுவதும் தாயத்தின் பழக்கம். பேக்கேமனில் இரண்டுமே தலைகீழ். பதினைந்து காய்களும் உங்கள் வீட்டின் ஆறு கட்டங்களுக்குள் (வெளியேறும் இடத்தை ஒட்டியது ஒன்றாம் கட்டம், தொலைவில் இருப்பது ஆறாம் கட்டம்) வந்து சேரும்வரை ஒரு காயைக்கூட வெளியே எடுக்க முடியாது. வந்து சேர்ந்த பிறகோ, பெரிய எண் விழுந்தால் அதற்குக் கீழே உள்ள காயையும் எடுக்கலாம், பின்னால் வேறு காய் இல்லாதவரை. ஆறு விழுந்தது, ஆறாம் கட்டத்திலும் ஐந்தாம் கட்டத்திலும் காய் இல்லை என்றால் நான்காம் கட்டத்துக் காயை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு விதி வேறுபாட்டிலிருந்துதான் கடைசி ஆட்டத்தின் முழுக் கணக்கும் பிறக்கிறது.

நான் இந்த ஆட்டத்தைக் கற்றது மஸ்கட்டில், உடன் வேலை பார்த்த லெபனான்காரர் ஒருவரிடம். அவர்கள் இதைத் தவ்லா என்பார்கள். எண்களைப் பாரசீகத்திலும் துருக்கியிலும் கலந்து கூவுவார்கள். ஆறும் ஐந்தும் விழுந்தால் 'ஷேஷ் பேஷ்'. ஊர் திரும்பிப் புளியரையில் உட்கார்ந்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே துணை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் இருக்கும் மலையாளி நண்பர். அவரும் வளைகுடாவில் கற்றவர். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும்போது சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்; சாலையோரத் தேநீர்க் கடைத் திண்ணையில் எங்கள் பலகை விரியும். கீழே நான் எழுதுவதில் பாதி, அந்தத் திண்ணையில் தோற்றுக் கற்றது.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: எதிராளியின் காய் இன்னும் உங்கள் காய்களுக்குப் பின்னால் இருக்கிறதா? இல்லையென்றால் அது ஓட்டப் பந்தயம். யாரும் யாரையும் வெட்ட முடியாது. வேகமும் சிக்கனமும் மட்டுமே பேச்சு. இருக்கிறது என்றால் அது வேறு ஆட்டம். அங்கே வேகம் இரண்டாம்பட்சம், பத்திரம்தான் முதல். தம்பி, நீங்கள் இரண்டையும் ஒரே மாதிரி ஆடுகிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது.

ஓட்டத்தை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு காயும் வெளியேற இன்னும் எத்தனை கட்டம் கடக்க வேண்டும் என்று கூட்டினால் கிடைப்பதைப் 'பிப்' கணக்கு என்பார்கள். நான் நடை என்று சொல்வேன். ஆட்டம் தொடங்கும்போது இருவருக்கும் 167 நடை. ஒரு முறை உருட்டினால் சராசரியாக 8 நடைக்குச் சற்று மேல் கிடைக்கும்: இரண்டு பகடையின் சராசரி 7, இரட்டை விழுந்தால் நான்கு முறை நகர்த்தலாம் என்பதால் அதன்மேல் ஒன்றும் சொச்சமும்.

ஆனால் நடைக் கணக்கு மட்டும் பார்த்து மகிழ்ந்தால் ஏமாறுவீர்கள். ஒன்றாம் கட்டத்தில் பத்துக் காய்கள் குவிந்திருக்கின்றன என்று வையுங்கள். நடை பத்துதான். இரட்டை விழாவிட்டால் அவற்றை எடுக்க ஐந்து முறை உருட்ட வேண்டும், ஆறும் ஐந்துமே விழுந்தாலும் சரி. அதே பத்து நடை, ஆறாம் கட்டத்தில் ஒன்று, நான்காம் கட்டத்தில் ஒன்று என இரண்டு காயாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு உருட்டலில் முடிந்துவிடும். ஒன்றாம் கட்டக் குவியலுக்கு ஆறு விழுந்தால் அதில் ஐந்து வீண். தாயக்காரர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: காய்களை உள்ளே கொண்டுவரும்போதே ஒன்று, இரண்டாம் கட்டங்கள் வரை தள்ளிவிடுகிறார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் போதும். ஆறாம் கட்டத்தில் கால் வைத்து நின்றுவிட்டு, மீதி எண்ணை இன்னும் வெளியே நிற்கும் காய்க்குக் கொடுங்கள். ஆறு, ஐந்து, நான்கு ஆகிய மூன்று கட்டங்களிலும் காய் பரவியிருக்கும் வீடுதான் எண்களை வீணாக்காத வீடு. நடுவே ஒரு கட்டம் காலியாக இருந்தால், அந்த எண் விழும்போதெல்லாம் காய் எடுக்க முடியாமல் பின்னால் உள்ளதை உருட்டிவைக்க நேரும். குறிப்பிட்ட ஓர் எண் இரண்டு பகடைகளில் ஒன்றிலாவது விழுவது, இரண்டு பகடையும் விழக்கூடிய 36 வகையில் 11. மூன்றில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. பொருட்படுத்தாமல் விடக்கூடிய அளவு அல்ல.

எடுக்கத் தொடங்கிய பிறகு ஓட்டத்தில் விதி எளிது: எடுக்க முடிந்த காயை எடுங்கள். அழகாக அடுக்கி வைப்பதற்காக எடுக்கக்கூடிய காயை விட்டுவைக்காதீர்கள். எடுக்க முடியாத எண் விழுந்தால் மட்டும் காலிக் கட்டத்தை நிரப்புங்கள். இதில் நான் இன்னும் எழுதலாம், ஆனால் உண்மையில் ஆட்டங்கள் தோற்கப்படுவது இதற்கும் பிறகு, கடைசி இரண்டு காய்களில்தான்.

ஒரு மழை நாள். என்னிடம் நான்காம் கட்டத்தில் ஒரு காய், மூன்றாம் கட்டத்தில் ஒரு காய். உருட்டியதில் ஓர் எண்ணை ஆடிவிட்டேன், கையில் ஒன்று என்ற எண் மட்டும் பாக்கி. நண்பருக்கு அடுத்த உருட்டலில் எது விழுந்தாலும் முடிந்துவிடும். நான் யோசிக்காமல் நான்கை மூன்றுக்கு இறக்கினேன். மூன்றும் மூன்றும், ஒழுங்காக, ஜோடியாக. கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. "அண்ணாச்சி, மற்றதை இறக்கியிருந்தால் இன்னும் ஆறு வகை கூடுதலாக இருந்திருக்கும்" என்றார் அவர். நான் நம்பவில்லை. "கணக்குப் போடு சேட்டா" என்றேன். பீடிக்கட்டின் தாளில் 36 வகையையும் எழுதிக் காட்டினார்.

மூன்றும் மூன்றுமாக வைத்தால் இரண்டு பகடையிலும் மூன்றோ அதற்கு மேலோ விழ வேண்டும். அது 16 வகை. இரண்டு-இரண்டு இரட்டையும் உதவும். ஆக 17. நான்கும் இரண்டுமாக வைத்திருந்தால் 23. ஐந்தும் ஒன்றும் இருந்தாலும் 23தான். மூன்றுக்கும் நடை ஒன்றே, ஆறு. ஆனால் ஜோடியாக வைத்தவன் தோற்பதற்கு வழி அதிகம். அன்று எனக்கு விழுந்தது ஐந்தும் இரண்டும். நான்கு-இரண்டாக வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

ஏழு நடை மீதமிருக்கும்போது இன்னும் வேடிக்கை. ஐந்தும் இரண்டும் என்றால் 19 வகை. நான்கும் மூன்றும் என்றால் 17. ஆறும் ஒன்றும் என்றால் 15. ஆகவே உங்களிடம் ஐந்தும் மூன்றும் இருந்து, ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டியிருந்தால், கை தானாகப் போகிற ஐந்தைத் தொடாதீர்கள், மூன்றை இரண்டாக்குங்கள். ஆறும் இரண்டும் இருந்தால் ஆறை இறக்குங்கள். இரண்டிலும் சென்று சேருமிடம் ஐந்து-இரண்டுதான். ஒற்றைக் காய் மீதமிருந்தால் நினைவில் வைக்க எளிது: ஆறாம் கட்டத்தில் 27 வகை, ஐந்தில் 31, நான்கில் 34, மூன்றோ அதற்குக் கீழோ என்றால் எது விழுந்தாலும் வெளியே.

இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு முறை கையால் எண்ணியவனுக்கு மறக்காது. கணினிகளும் இதைத்தான் செய்கின்றன, பொறுமை அதிகம் என்பது மட்டும் வேறுபாடு. பதினைந்து காய்களை ஆறு கட்டங்களிலும் வெளியிலுமாகப் பிரித்து வைக்க மொத்தம் 54,264 வழிகள்தான் உண்டு. அத்தனைக்கும் விடையை முன்கூட்டியே போட்டு அட்டவணையாக வைத்துக்கொள்கின்றன. ஆட்டத்தின் நடுப்பகுதிக்குத்தான் நரம்பணு வலையமைப்பு வேண்டியிருந்தது. ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ 1990களின் தொடக்கத்தில் செய்த டிடி-கேமன் என்ற நிரல் தன்னோடு தானே ஆடிக் கற்றது அப்படித்தான்.

இனி உங்களுக்கு உண்மையில் வலித்த இடத்துக்கு வருகிறேன். எதிராளியின் இரண்டு காய்கள் உங்கள் ஒன்றாம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவருக்கு ஓட்டத்தில் நம்பிக்கை இல்லை. நீங்கள் காய் எடுக்கும்போது எங்காவது ஒற்றைக் காயை விட்டுவைப்பீர்கள், வெட்டலாம் என்று காத்திருக்கிறார். நன்றாக ஆடினால்கூட இந்த நிலையில் ஏறத்தாழ ஆறு ஆட்டத்துக்கு ஒன்றை அவர் வென்றுவிடுவார். அந்த ஒன்றுக்காக வருந்த வேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும் போவதுதான் உங்கள் குற்றம்.

இங்கே பின்னாலிருந்து காலி செய்ய வேண்டும். ஆறாம் கட்டம் முதலில், பிறகு ஐந்து, பிறகு நான்கு. ஓட்டத்தில் நல்லதாக இருந்த 'எடுக்க முடிந்ததை எடு' என்ற விதியை இங்கே சற்று மடக்கி வையுங்கள். முன்னால் உள்ள கட்டங்களிலிருந்து ஆசையாக எடுத்துவிட்டு, ஆறாம் கட்டத்தில் மூன்று பேரைத் தங்கவிட்டால் மாட்டுவீர்கள். உதாரணம் போடுகிறேன். ஆறாம் கட்டத்தில் மூன்று, ஐந்து முதல் இரண்டு வரை ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. விழுந்தது ஆறும் நான்கும். ஆறுக்கு ஒரு காய் வெளியே. நான்குக்கு? ஆறாம் கட்டத்திலிருந்து இறக்கினால் அங்கே ஒற்றை. நான்காம் கட்டத்திலிருந்து எடுத்தால் அங்கே ஒற்றை. ஐந்தாம் கட்டத்திலிருந்து இறக்க வழியே இல்லை; ஒன்றாம் கட்டத்தை எதிராளி இரண்டு காயால் அடைத்திருக்கிறார். எப்படி ஆடினாலும் ஒரு காய் தனியே நிற்கும். இதையே ஆறாம் கட்டத்தில் இரண்டே காய்கள் இருக்கும்படி முந்தைய உருட்டல்களில் அமைத்திருந்தால், ஒன்றை எடுத்து மற்றதை இரண்டாம் கட்டத்துக்கு இறக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்த அமைப்பில் ஆறு விழும் உருட்டல்களில் ஆறு-ஐந்து மட்டுமே தொல்லை. அதனால்தான் பின்னால் உள்ள கட்டங்களில் இரட்டைப்படையாகக் காய் வைக்கச் சொல்கிறார்கள். அது சடங்கு அல்ல. ஒரே உருட்டலில் இரண்டு காயும் கிளம்ப முடிவதற்கான ஏற்பாடு.

தனியே நின்ற காய் வெட்டுப்படுவது உறுதி என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆறாம் கட்டத்தில் ஒற்றைக் காய், ஒன்றாம் கட்டத்தில் எதிராளி என்றால் இடைவெளி ஐந்து. நேரடியாக ஐந்து விழுவது 11 வகை. நான்கு-ஒன்று, மூன்று-இரண்டு என்று இரண்டு பகடையையும் சேர்த்து வருவது இன்னும் 4. ஆனால் இடையில் உள்ள உங்கள் கட்டங்களில் இரண்டிரண்டு காய்கள் இருந்தால் அவர் கால் ஊன்ற இடமில்லை. 15 மறுபடி 11 ஆகிவிடும். ஆக, ஒற்றை விட நேர்ந்தால் நடுவே வாசல்களை மூடிவிட்டு விடுங்கள்.

எப்போது துணிவது என்பதும் ஒரு கேள்வி. இதற்கு உங்கள் வீட்டைப் பார்க்காதீர்கள், அவர் வீட்டைப் பாருங்கள். அங்கே ஆறு கட்டமும் அடைத்து இறுக்கமாக நின்றால், வெட்டுப்பட்ட உங்கள் காய் அவர் வீட்டின் வழியாக மறுபடி பலகைக்குள் நுழையவே முடியாது. அப்போது ஒற்றை விடுவது தற்கொலை. பல சுற்றுகள் காத்திருந்து அவர் வீடு உடைந்து காய்கள் ஒன்றிலும் இரண்டிலும் குவிந்துவிட்டனவென்றால், இப்போதே சிறிய ஆபத்தை எடுத்துப் பின்கட்டத்தைக் காலி செய்துவிடுங்கள். வெட்டுப்பட்டாலும் திரும்பி வரலாம். நேர்மாறாகவும் யோசியுங்கள்: அவர் வீடு இன்று இறுக்கம், ஆனால் அடுத்த ஓரிரு உருட்டலில் உடைந்துதான் ஆக வேண்டும் என்றால் நீங்கள் இன்று பத்திரமாக ஆடிக் காத்திருக்கலாம். நான் தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவை அவசரத்தால் போனவை, பகடையால் அல்ல.

இரட்டிப்புக் கட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போனில் ஆடும் பலர் அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை. 1920களில் நியூயார்க்கில் ஆட்டத்தோடு சேர்ந்த வழக்கம் அது. பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால், மற்றவர் ஏற்க வேண்டும் அல்லது பழைய பந்தயத்தோடு தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கில் ஒரு பங்கு வெற்றி வாய்ப்பு இருந்தாலே ஏற்கலாம். கணக்கு இது: நான்கு ஆட்டத்தில் மறுத்துக்கொண்டே வந்தால் நான்கு புள்ளி நட்டம். ஏற்று, மூன்றில் தோற்று ஒன்றில் வென்றால் ஆறு போய் இரண்டு வரும், அதுவும் நான்குதான். நான்கில் ஒன்றுக்குக் கீழே போனால் மட்டுமே மறுப்பது லாபம்.

நீண்ட ஓட்டத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உங்கள் உருட்டல் முறை, உங்கள் நடை 100 என்று வையுங்கள். எதிராளியின் நடை 108 ஆனால் இரட்டிப்புக் கேட்கலாம். நீங்கள் முன்பு ஓர் இரட்டிப்பை ஏற்றதால் கட்டை உங்கள் பக்கம் இருந்து, மறுபடி இரட்டிப்பாக்குவதென்றால் 109 வரை பொறுங்கள். அவர் 112 வரை ஏற்கலாம், அதற்கு மேல் போனால் விட்டுவிடுவது நல்லது. எட்டு, ஒன்பது, பன்னிரண்டு சதவீதம். காய்கள் குறைந்து, ஒன்றாம் கட்டத்தில் குவியல் சேர்ந்த பிறகு இந்தக் கைக்கணக்கு பொய்க்கும். அப்போது உருட்டல்களை எண்ணுங்கள். இருவரிடமும் ஒன்றாம் கட்டத்தில் நான்கு நான்கு காய்கள், உங்கள் முறை: நீங்கள் தோற்பதற்கு ஒரே வழி, உங்களுக்கு இரட்டை விழாமல் அவருக்கு இரட்டை விழுவது. அது 36-இல் 5. இரட்டிப்புக் கேளுங்கள், அவர் மறுத்துவிட வேண்டும். கடைசி உருட்டலில் ஐந்தும் இரண்டும் மீதம், அவருக்கு அடுத்தது நிச்சயம்: 19 வகை உங்களுக்கு, 17 அவருக்கு, ஆகவே இரட்டிப்பு. நான்கும் மூன்றும் மீதம் என்றால் வாயைத் திறக்காதீர்கள். முந்தைய உருட்டலில் அந்த ஒரு காயை எங்கே வைத்தீர்கள் என்பது இப்போது இரண்டு மடங்காக உங்களிடம் வசூலிக்கப்படுகிறது.

தோற்பது உறுதியான ஆட்டத்திலும் வேலை இருக்கிறது. அவர் பதினைந்தையும் எடுத்து முடிக்கும் முன் நீங்கள் ஒரு காயாவது எடுத்திருக்க வேண்டும். இல்லையேல் கேமன், இரட்டைத் தோல்வி. உங்கள் காய் அவர் வீட்டுக்குள்ளேயோ வெட்டுப்பட்ட காய் காத்திருக்கும் நடுத் தடுப்பிலோ மாட்டியிருந்தால் மும்மடங்கு. அந்த நேரத்தில் கடைசிக் காயை வீட்டுக்குள் இழுத்துப் போடுவது தவிர வேறு எதற்கும் ஓர் எண்ணைக்கூடச் செலவழிக்காதீர்கள்.

போன் பகடைக்கு வருகிறேன். இரட்டை விழுவது ஆறில் ஒன்று. எதிராளிக்குத் தொடர்ந்து மூன்று இரட்டை விழுவது 216-இல் ஒன்று. நாளுக்கு ஐந்து ஆட்டம் ஆடுகிறவர் அதை அடிக்கடி பார்ப்பார், பார்த்தால் மறக்க மாட்டார். சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, உங்கள் இரட்டையையும் அவர் இரட்டையையும் தனித்தனியே குறியுங்கள். நூறு உருட்டலில் பதினாறு, பதினேழு எதிர்பார்க்கலாம். பன்னிரண்டோ இருபத்திரண்டோ வந்தாலும் வியப்பில்லை. முன்னூறு வரை போங்கள், ஐம்பதை ஒட்டி நிற்கும். ஆரியங்காவு நண்பர் எங்கள் மரப் பகடைக்கே அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். உனக்குத்தான் எப்போதும் இரட்டை விழுகிறது என்று நான் முறையிடும்போதெல்லாம் ஒரு சொல்லும் பேசாமல் அதை என் பக்கம் தள்ளுவார். இந்த ஆடிக் கணக்கில் என் பத்திதான் முன்னால் இருக்கிறது. ஆட்டக் கணக்கில் அவர்.